ஓடிபி கொடுத்துவிட்டால் சம்மதம் கொடுத்ததாகிவிடுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 64 வயது. கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இரண்டு மாடு வைத்துப் பால் சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறார். தீவனம் வாங்கப் பொள்ளாச்சி போனவர், வழக்கமான 859 ரூபாய் ரீசார்ஜ் போட்டுக்கொள்ள ஒரு செல்போன் கடைக்குள் நுழைந்திருக்கிறார். "4ஜி சிம் அடுத்த மாதத்தோடு நின்றுவிடும் ஐயா, 5ஜிக்கு மாற்றித் தருகிறோம், பழைய வாடிக்கையாளருக்குப் போனும் சேர்ந்து வருகிறது" என்று சொல்லி, டெபாசிட் என்ற பெயரில் 3,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். விரல் வைக்கச் சொன்னார்கள். 11.41க்கும் 11.50க்கும் இடையில் மூன்று ஓடிபி கேட்டு வாங்கினார்கள். அடுத்த மாதம் 5ஆம் தேதி, பால் பணம் வரவாகும் கணக்கிலிருந்து 1,250 ரூபாய் போனது. கூடவே 647 ரூபாய் 82 காசுக்குப் போஸ்ட்பெய்டு பில் வந்தது. கடையில் போய்க் கேட்டால், "12 மாதம் விலக முடியாது, ஓடிபி நீங்கள்தானே கொடுத்தீர்கள்" என்கிறார்கள். இன்றோடு 36 நாள் ஆகிறது. வீடு கேரளத்தில், கடை தமிழ்நாட்டில். எங்கே புகார் கொடுப்பது, பணம் கட்டுவதை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டுக்கும் பதில் இருக்கிறது. ஆனால் உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது, நீங்கள் உண்மையில் கேட்பது இன்னொன்று என்று தோன்றுகிறது: அப்பா தன் கையாலேயே எல்லாவற்றையும் கொடுத்த பிறகு, எதிர்த்துப் பேச நமக்கு உரிமை இருக்கிறதா? இருக்கிறது. உங்கள் அப்பா அந்தக் கடையில் நம்பியது ஒரு பொய்யை. அதை நம்பித்தான் அவர் ஓடிபியைச் சொன்னார். இந்த வரிசையை எழுத்தில் நிலைநாட்டுவதுதான் இனி நீங்கள் செய்ய வேண்டிய வேலை.

நான் பாலக்காட்டில் ஒரு செல்போன் நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதன் பிறகு சித்தூர் தாலுகாவில், என்னைத் தேடி வருகிறவர்களுக்கு நுகர்வோர் புகார் எழுதிக் கொடுத்து வருகிறேன். நான் வழக்கறிஞர் அல்ல. ஆகவே நீதிமன்றத்தில் எப்படி வாதாடுவது என்று சொல்லப்போவதில்லை. புகார் எந்த மேசையில் போய் நிற்கும், எங்கே தூங்கும், எதைக் கண்டால் எழும் என்பதைச் சொல்கிறேன்.

கடைக்காரர் இதை 'ஒரே ஆஃபர்' என்று சொல்லியிருப்பார். தாள்களைப் பிரித்து வைத்துப் பார்த்தால் அது ஒன்றல்ல. ப்ரீபெய்டு எண்ணைப் போஸ்ட்பெய்டாக மாற்றியது ஓர் ஒப்பந்தம். எதிர்த்தரப்பு செல்போன் நிறுவனம். 16,499 ரூபாய்க்குப் போன் விற்றது இன்னொன்று, எதிர்த்தரப்பு கடை. அந்தப் போனுக்கு 12 தவணைக் கடன் கொடுத்தது மூன்றாவது. எதிர்த்தரப்பு வங்கி சாராத நிதி நிறுவனம். நீங்கள் அனுப்பிய பில்லில் 1,499 ரூபாய்க்கு ஒரு 'பாதுகாப்புத் திட்டம்' இருக்கிறதே, அது நான்காவது. போனும் திட்டமும் சேர்ந்து 17,998. கொடுத்த 3,000 போக மீதி 14,998. அதுதான் 1,250 வீதம் 12 மாதமாகப் பிரிந்திருக்கிறது. ஆக, அப்பாவின் 3,000 ரூபாய் டெபாசிட்டே அல்ல, முன்பணம். முன்பு 84 நாளுக்கு 859 ரூபாய், அதாவது மாதம் 307 ரூபாய் அளவில் செலவழித்தவர் இப்போது மாதம் 1,897 ரூபாய் 82 காசு கட்ட வேண்டும். ஆறு மடங்குக்கும் மேல். புகாரின் முதல் பத்தியில் இந்தக் கணக்கை எழுதுங்கள். மாதம் 307 ரூபாய் செலவழித்த ஒருவர் தெரிந்தே இதற்குச் சம்மதித்திருப்பாரா என்ற கேள்வி, படிக்கிற அதிகாரியின் மனத்தில் தானாக எழ வேண்டும்.

கடைக்காரர் சொல்லும் '12 மாதம் விலக முடியாது' என்பதன் குட்டும் இந்தப் பிரிவினையில்தான் உடைகிறது. 12 மாதம் என்பது கடனுக்கு உரியது, இணைப்புக்கு உரியது அல்ல. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் கட்டண விதிகளின்படி, ஒரு திட்டத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு அதை வாடிக்கையாளருக்குப் பாதகமாக மாற்றக் கூடாது என்ற கட்டுப்பாடு நிறுவனத்துக்குத்தான் உண்டு. வாடிக்கையாளரோ அந்த ஆறு மாதத்துக்குள்ளும் எப்போது வேண்டுமானாலும் வேறு திட்டத்துக்கு மாறலாம். கடையில் இரண்டையும் குழைத்துச் சொல்வதால், நேராக ரத்து செய்யக்கூடிய இணைப்பையும் மக்கள் ஓராண்டு சுமந்துகொண்டிருக்கிறார்கள்.

சட்டத்தில் உறுதியாக நிற்பது எது, வழுக்குவது எது என்று பார்ப்போம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 19ஆம் பிரிவின்படி, மோசடியாலோ தவறான தகவலாலோ பெறப்பட்ட சம்மதத்தில் உண்டான ஒப்பந்தத்தை, ஏமாந்தவர் விரும்பினால் செல்லாததாக்கலாம். அது தானாகச் செல்லாமல் போய்விடாது. 'எனக்கு இது வேண்டாம்' என்று அவர் சொல்ல வேண்டும். அதுவும் தாமதிக்காமல் சொல்ல வேண்டும். இதே பிரிவில் ஒரு விலக்கும் இருக்கிறது. சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்றால், வெறும் தவறான தகவலைக் காட்டி ஒப்பந்தத்தைச் செல்லாததாக்க முடியாது. நிறுவனத்தின் வழக்கறிஞர் இதைத்தான் பிடித்துக்கொள்வார்: 'குறுஞ்செய்தியில் கடன் என்று எழுதியிருந்ததே, படித்திருக்கலாமே' என்பார். ஆனால் பொய் என்று தெரிந்தே வாய்விட்டுச் சொன்ன பொய்க்கு அந்த விலக்கு பொருந்தாது. அதனால்தான் 'தெளிவாக விளக்கவில்லை' என்று புகார் எழுதாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். '4ஜி சிம் அடுத்த மாதம் நின்றுவிடும் என்று சொன்னார்கள், அது பொய்' என்று எழுதுங்கள். முதல் வாக்கியம் வெறும் குறை, இரண்டாவது வாக்கியம் குற்றச்சாட்டு.

அது பொய் என்று காட்டுவதும் கடினமல்ல. 2022 அக்டோபர் 1ஆம் தேதி இந்தியாவில் 5ஜி தொடங்கிய காலத்திலேயே, கையில் இருக்கும் 4ஜி சிம்மே போதும், மாற்ற வேண்டாம் என்று ஏர்டெல், ஜியோ இரண்டும் அறிவித்தன. அப்பாவின் நிறுவனம் எதுவானாலும், அதன் இணையதளத்தில் சிம் மாற்றத்தைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று தேடி, தேதி தெரியும்படி அச்செடுத்து வையுங்கள். எதிர்த்தரப்பின் வாயிலிருந்தே வரும் சாட்சியை விடப் பெரிய சாட்சி இல்லை.

இனி சான்றுகள். இந்த ஒன்றில் மட்டும் அவசரமும் பொறுமையும் சேர்ந்து வேண்டும். இன்று மாலையே அப்பாவோடு உட்காருங்கள். அன்றைக்கு எத்தனை மணிக்குப் பஸ் ஏறினார், கடையில் யார் இருந்தார்கள், முதலில் என்ன கேட்டார், என்ன பதில் வந்தது என்று அவர் வார்த்தையிலேயே எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்குங்கள். நடுவில் குறுக்கிடாதீர்கள், 'இதைக்கூட யோசிக்கவில்லையா அப்பா' என்று கேட்காதீர்கள். என்னிடம் வந்த பெரியவர்களில் பலர் வெட்கத்தால் பாதியை மறைத்தார்கள். மறைத்த பாதியில்தான் வழக்கின் உயிர் இருந்தது. வேலந்தாவளத்திலிருந்து வந்த ஒருவர், கடைப் பையன் தன் போனை வாங்கி ஓடிபியைத் தானே படித்துக்கொண்டான் என்பதை மூன்றாவது சந்திப்பில்தான் சொன்னார். அதுவரை தன்னை முட்டாள் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்தார்.

அடுத்தது குறுஞ்செய்திகள். ஒன்றையும் அழிக்காமல், வந்த நேரம் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று ஓடிபியும் ஒன்பது நிமிடத்துக்குள் வந்தன என்கிறீர்கள். ஒன்பது நிமிடத்தில் ஒரு போஸ்ட்பெய்டு ஒப்பந்தம், ஒரு கடன் ஒப்பந்தம், ஒரு பாதுகாப்புத் திட்டம் ஆகிய மூன்றையும் 64 வயதுக்காரர் படித்துப் புரிந்து சம்மதித்தார் என்று எந்த நுகர்வோர் ஆணையத்திலும் நேராக நின்று சொல்வது கடினம். கடைக்காரர் உங்களுக்கு எதிராகக் காட்டும் அந்த ஓடிபிகளே உங்கள் பக்கத்துச் சான்றாக மாறும் இடம் இது. இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. ஆதார் இணையதளத்தில் அப்பாவின் கணக்குக்குள் போனால், கடந்த ஆறு மாதத்தில் அவருடைய ஆதார் எங்கெல்லாம், எந்த நேரத்தில், கைரேகையாலா ஓடிபியாலா சரிபார்க்கப்பட்டது, சரிபார்த்த நிறுவனம் எது என்ற வரலாறு கிடைக்கும். ஒரு விரல் வைப்பு என்று அவர் நினைத்தது இரண்டாக இருந்திருக்கலாம். ஆறு மாதம் கடந்துவிட்டால் அது கிடைக்காது, இப்போதே எடுத்துவிடுங்கள். கையோடு, அவர் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்பதை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பாருங்கள். தெரியாத எண் இருந்தால் அங்கேயே தெரிவிக்கலாம்.

புதுப் போனைப் பெட்டியில் வைத்து மூடிவிடுங்கள். இதை நான் கடுமையாகவே சொல்கிறேன், காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மா என்னிடம் வந்தார். ஏமாற்றப்பட்டது அப்பட்டமாகத் தெரிந்தது. ஆனால் ஐந்து மாதம் அந்தப் போனைப் பயன்படுத்தி, நான்கு பில்லை மறுபேச்சில்லாமல் கட்டி, பேத்திக்கு அதில் பாட்டும் போட்டுக் காட்டிவிட்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒப்பந்தத்தைத் தெரிந்த பிறகும் அனுபவித்தால், அதை ஏற்றுக்கொண்டதாகவே கொள்வார்கள். அவருக்குப் பாதுகாப்புத் திட்டத்தின் பணம் மட்டும்தான் திரும்பியது. உங்கள் அப்பா புதுப் போனைத் தொடவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது பெரிய பலம்.

இப்போது இணைப்புக்கு வருவோம். இது நான்கிலும் எளியது. 198 என்ற இலவச எண்ணில் புகார் சொல்லி, புகார் எண்ணை வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள். எண் இல்லாத புகாரைப் புகாராகவே யாரும் கருத மாட்டார்கள். கடைப் பணியாளரிடம் போட்ட சண்டைக்கு எங்கள் கணினியில் பதிவே இருக்காது. வந்த பதில் சரியில்லை என்றால், அல்லது பதிலே வராமல் கெடு கடந்தால், 30 நாளுக்குள் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது. 2012ஆம் ஆண்டு விதிகளின்படி அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மேல்முறையீட்டை ஆராயும் குழுவில் நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவரோடு, நுகர்வோர் அமைப்பைச் சேர்ந்த ஒருவரும் இருப்பார். இந்தக் கட்டத்துக்கு ஆட்கள் வருவதே அரிது. 198இல் ஒரு முறை பேசிவிட்டு அலுத்துப்போய்விடுகிறார்கள். வந்த மேல்முறையீடுகளை நாங்கள் கவனமாகவே படித்தோம், ஏனென்றால் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். டிராய்க்கு நேராக எழுதுகிறவர்களும் உண்டு. தனிநபர் புகார்களைத் தீர்க்கும் அதிகாரம் டிராய்க்கு இல்லை. அது நிறுவனத்துக்கே திருப்பி அனுப்பிவிடும்.

எல்லையில் இருக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேல்முறையீட்டு அதிகாரி சேவைப் பகுதிவாரியாக இருக்கிறார். செல்போன் நிறுவனங்கள் அந்தப் பகுதியைத்தான் 'வட்டம்' என்கின்றன. கடை பொள்ளாச்சியில் இருந்தாலும், அப்பாவின் எண் கேரள வட்டத்தில் பதிவானது என்றால் மேல்முறையீடு கேரள வட்டத்து அதிகாரிக்குத்தான் போக வேண்டும். மாற்றும்போது கடைக்காரர் எண்ணைத் தமிழ்நாட்டு வட்டத்துக்கோ வேறு நிறுவனத்துக்கோ எடுத்துப் போயிருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். அனுப்பிய செய்திகளில் 1900 என்ற எண்ணுக்கு ஏதாவது போயிருந்தால் அது எண் மாற்றத்துக்கான வேண்டுகோள். கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டி இந்தப் பக்கத்து எண்ணோடு அந்தப் பக்கத்துக் கடைக்குப் போகிறவர்களின் புகார், தவறான வட்டத்தின் மேசையில் வாரக்கணக்கில் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ப்ரீபெய்டுக்குத் திரும்புவதற்குப் புகாரின் முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ப்ரீபெய்டிலிருந்து போஸ்ட்பெய்டுக்கும், போஸ்ட்பெய்டிலிருந்து ப்ரீபெய்டுக்கும் ஓடிபி மூலம் மாறலாம் என்று தொலைத்தொடர்புத் துறை 2021இல் அனுமதித்தது. ஒரு முறை மாறியவர் ஓடிபி வழியாகத் திரும்புவதற்கு அப்போது 90 நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2025 ஜூனில் முதல் மாற்றத்துக்கு அதை 30 நாளாகக் குறைத்தார்கள். அதற்கு முன்பே திரும்ப வேண்டுமானால் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற கடையில் அடையாளச் சான்றைக் காட்டி மாறலாம். உங்களுக்கு 36 நாள் ஆகிவிட்டதால் இரண்டு வழியும் திறந்திருக்கிறது. ஆனால் பில் பாக்கி இருந்தால் மாற்ற மாட்டார்கள்; கெடு தாண்டிய பாக்கி இருந்தால் வேறு நிறுவனத்துக்கும் போக முடியாது. ஆகவே அந்த 647 ரூபாய் 82 காசைக் கட்டிவிடுங்கள். கட்டும் அதே நாளில், 'இந்தத் தொகையை ஒப்புக்கொண்டு அல்ல, ஆட்சேபத்துடன், எண்ணைக் காப்பாற்றிக்கொள்வதற்காக மட்டும் செலுத்துகிறேன்' என்று நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அந்த ஒரு வரி இருந்தால், கட்டியதையே காட்டி 'ஏற்றுக்கொண்டாய்' என்று சொல்ல முடியாது.

கடன்தான் கடினமான பகுதி. 'பணம் கட்டுவதை நிறுத்திவிடலாமா' என்று நீங்கள் கேட்டதும் இதைத்தான். வேண்டாம். கணக்கைக் காலியாக வைத்துத் தவணையைத் திருப்பி அனுப்பும் யோசனையை உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். போதிய பணம் இல்லாமல் மின்னணுப் பரிமாற்றம் திரும்புவது, 2007ஆம் ஆண்டின் பணம் செலுத்துதல் முறைமைகள் சட்டம் 25ஆம் பிரிவின்படி, காசோலை திரும்புவதைப் போலவே தண்டனைக்குரிய குற்றமாக எழுப்பப்படலாம். அதற்கு முன் அவர்கள் எழுத்தில் அறிவிப்பு அனுப்ப வேண்டும், பணம் கட்ட 15 நாள் அவகாசமும் உண்டு. இவ்வளவு சிறிய கடனுக்கு அந்த எல்லைவரை வந்ததை நான் பார்த்ததில்லை. ஆனாலும் ஏமாற்றப்பட்ட உங்கள் அப்பாவைப் பணம் கட்டாதவராக மாற்றிக் காட்டும் வாய்ப்பை அவர்கள் கையில் ஏன் கொடுக்க வேண்டும்? கடன் மதிப்பெண்ணும் விழும். நாளைக்கு மாட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போனால் அங்கே அது வந்து நிற்கும்.

அதற்குப் பதிலாக, நிதி நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். முதலில் ஒரு தாளைக் கேளுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் தரப்படும் எல்லாச் சில்லறைக் கடனுக்கும், கடனின் முழுச் செலவையும் நிபந்தனைகளையும் சுருக்கிச் சொல்லும் முக்கிய விவர அறிக்கையை, கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் கொடுத்து, விளக்கி, விளங்கியது என்று அவரிடம் ஒப்புதல் பெற வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. அப்பாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியும், மலையாளம் கேட்டால் புரியும், ஆங்கிலம் தெரியாது என்கிறீர்கள். அவருக்கு எந்த மொழியில் அந்தத் தாளைக் கொடுத்தீர்கள், எந்த நிமிடத்தில் கொடுத்தீர்கள், ஒப்புதல் எங்கே என்று கேளுங்கள். நம் பக்கத்தில் நான் கையில் வாங்கிப் பார்த்த தவணைக் கடன் தாள்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருந்தன. இந்த ஒரு கேள்விக்கு நேரான பதில் இல்லாமல் கடனை ரத்து செய்துகொள்ள முன்வந்த நிறுவனங்களைப் பார்த்திருக்கிறேன்.

டிஜிட்டல் கடனில் அபராதம் இல்லாமல் வெளியேறுவதற்கென ஓர் அவகாசம் உண்டு. குறைந்தது ஒரு நாளாவது தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2025ஆம் ஆண்டு விதி. உங்களுக்கு அது கடந்துவிட்டது. கடந்ததற்குக் காரணம், கடன் என்பதே அப்பாவுக்குத் தெரியாததுதான் என்று எழுதலாம். அந்த அவகாசத்திலும் அசலைத் திருப்பிக் கட்டியே வெளியேற முடியும் என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். அசல் இப்போது கடைக்காரரிடம் இருக்கிறது. எனவே கடைக்காரர் விற்பனையை ரத்து செய்து நிதி நிறுவனத்துக்குப் பணத்தைத் திருப்பினால்தான் கடன் சுத்தமாக முடியும். இதனால்தான் கடை, நிதி நிறுவனம், செல்போன் நிறுவனம் மூவருக்கும் ஒரே நாளில், ஒருவர் கடிதத்தின் நகல் மற்றவருக்கும் போகும்படி எழுதச் சொல்கிறேன். தனித்தனியாக எழுதினால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். விற்பனை நாளின் கண்காணிப்புக் கேமராப் பதிவைப் பத்திரப்படுத்தும்படியும் கடைக்காரருக்கு எழுதுங்கள். பல கடைகளில் அது சில வாரங்களில் அழிந்துவிடும், உங்களுக்கு ஏற்கெனவே தாமதம்தான். ஆனாலும் கேட்டதற்கு ஒரு பதிவு இருக்கட்டும்.

நிதி நிறுவனம் 30 நாளில் பதில் சொல்லாவிட்டாலோ, சொன்ன பதில் பொருந்தாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையம் வழியாகப் புகார் செய்யலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வேண்டாம். இடையில் வசூல் ஆள் பேசினால், காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்க அவர்களுக்கு அனுமதி இல்லை என்பதை அப்பாவிடம் சொல்லி வையுங்கள். 'போலீஸ் வரும்' என்று மிரட்டினால் பேச்சைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒத்துவரவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். உங்கள் முதல் கேள்விக்கான பதிலும் இங்கேதான் இருக்கிறது. 2020 ஜூலை 20ஆம் தேதி நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போட வழி செய்தது. 1986ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் இடத்துக்கோ சம்பவம் நடந்த இடத்துக்கோதான் போக வேண்டியிருந்தது. அதனால் பொள்ளாச்சியில் வாங்கிய பொருளுக்குக் கோயம்புத்தூருக்கு அலைய முடியாமல் எத்தனையோ பேர் விட்டுவிட்டார்கள். இப்போது நீங்கள் பாலக்காடு மாவட்ட ஆணையத்திலேயே கொடுக்கலாம். கடைக்காரர் எல்லை தாண்டி வரட்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். செல்போன் தகராறு நுகர்வோர் ஆணையத்துக்கு வராது என்று யாராவது சொன்னால், அவர் 2009ஆம் ஆண்டின் தீர்ப்பைச் சொல்கிறார். கோழிக்கோட்டிலிருந்து போன ஒரு தொலைபேசி வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொன்னது உண்மை. 2022 பிப்ரவரி 16ஆம் தேதி அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வு, தொலைத்தொடர்புச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று தெளிவாக்கிவிட்டது. ஆணையத்துக்குப் போகும் முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பதிவு செய்து பாருங்கள். அதற்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லை, ஆனால் நிறுவனத்தின் மேல்மட்டத்துக்குப் புகார் போய்ச் சேரும்.

இதில் உறுதி எவ்வளவு என்றால், இணைப்பை ப்ரீபெய்டாகத் திரும்பப் பெறுவது ஏறக்குறைய உறுதி. பாதுகாப்புத் திட்டத்தின் 1,499 ரூபாய் கேட்டு எழுதினாலே பல சமயம் திரும்புகிறது, ஏனென்றால் தனியாகக் கேட்டு விற்றதற்கு அவர்களிடம் சான்று இருப்பதில்லை. போனும் கடனும் முழுமையாக ரத்தாகும் என்று என்னால் வாக்குத் தர முடியாது. கடையில் வாங்கிய பொருளைப் பிடிக்கவில்லை என்று திருப்பித் தரும் பொது உரிமை நம் சட்டத்தில் இல்லை. பழுதில்லாத போனைத் திரும்ப எடுக்கச் செய்ய வேண்டுமானால், அந்தப் பொய்யை ஆணையம் நம்ப வேண்டும். அன்று கடையில் பேசியது அப்பாவும் பணியாளரும் மட்டும்தான். பயன்படுத்தாத போன், ஒன்பது நிமிடக் கணக்கு, மொழி தெரியாத தாள், உடனே எழுதிய கடிதம் ஆகிய நான்கும் சேர்ந்தால் பெரும்பாலும் வழக்கு முடியுமுன்பே சமரசத்துக்கு வருவார்கள். அந்தச் சமரசம் கையில் கிடைத்தால், கடன் கணக்கு முடிந்ததற்கான சான்றிதழை வாங்காமல் போனைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, எண்ணைப் பற்றி. கோபத்தில் 'அந்த சிம்மே வேண்டாம்' என்று துண்டித்துவிட அப்பா நினைப்பதாக எழுதியிருந்தீர்கள். பால் சங்கம், வங்கி, எரிவாயு, ரேஷன், ஆதார் எல்லாம் அந்த எண்ணில்தான் இருக்கின்றன. புகாருக்கான ஓடிபியும் அதற்குத்தான் வரும். இந்த வாரமே அவரை அழைத்துக்கொண்டு, பொள்ளாச்சிக்கு அல்ல, பாலக்காட்டில் நிறுவனமே நேரடியாக நடத்தும் சேவை மையத்துக்குப் போங்கள். ஆதார் அட்டையும் பில் கட்டிய ரசீதும் எடுத்துப் போனால் அங்கேயே ப்ரீபெய்டுக்கு மாற்ற விண்ணப்பம் கொடுக்கலாம். அங்கே ஓடிபி வந்தால், இந்த முறை அப்பாவே வாய்விட்டுப் படிக்கட்டும், எதற்கான ஓடிபி என்ற வரியையும் சேர்த்து. மாறிய பிறகு பழைய 859 ரூபாய் ரீசார்ஜைப் போட்டுக்கொடுத்துவிட்டு, மூன்று கடிதங்களையும் தபால் ஆபீசில் கொடுத்துவிட்டு வீடு திரும்புங்கள். கடிதத்தை எழுதி முடித்ததும், பெயரும் எண்ணும் நீக்கி இங்கே போடுங்கள். படித்துத் திருத்தித் தருகிறேன்.